அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த பேச்சு

போன வாரம் நம் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோழி கேட்டிருந்தாள். பேத்திக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டியாம். "நீதான் காலமெல்லாம் இதையே சொல்லிக் கொடுத்தவ. எப்படி ஆரம்பிக்கணும், எப்படி முடிக்கணும்னு ரெண்டு பக்கம் எழுதி அனுப்பு" என்றாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றீர்கள். எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. அந்த நாலு வரியும் எனக்குப் பதின்மூன்று வயதிலேயே தெரிந்தவை. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு கோடையில் நான் என்ன செய்தேன் என்பதை உங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் தம்பி செத்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வரிசையாக வந்து வாசலில் நின்றீர்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் தெரியாது.

எங்கள் ஊர் திருவரங்குளத்திலிருந்து உள்ளே தள்ளி, முந்திரிக்காட்டுக்கும் கடலைக் கொல்லைகளுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு முழம் தோண்டினால் செம்புறாங்கல். ஊரில் பாதி வீடுகளின் சுவர் அந்தக் கல்தான். வெட்டியவர்கள் வெட்டி எடுத்துக்கொண்டு போன பிறகு, பள்ளிக்கூடப் பாதையை ஒட்டி ஒரு பெரிய குழி மிச்சமாகக் கிடந்தது. கல்லுக்குழி என்போம். நாலு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டியது. இறங்கப் படியும் இல்லை, ஏறப் பிடியும் இல்லை. ஐப்பசி மழையில் நிறைந்த தண்ணீர் கோடையிலும் வற்றாது. பால் குறைந்த டீயின் நிறத்தில் இருக்கும். கிட்டப் போனால் துருப்பிடித்த இரும்பின் வாசம் அடிக்கும். சுற்றிலும் ஒரு கம்பியோ கல்லோ கிடையாது.

எனக்கு அப்போது பேச்சுப் போட்டிப் பித்து. எட்டாம் வகுப்பு. தமிழ் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எடுத்து வைத்திருந்தேன். முதலில் விளிப்பு, அவையில் இருப்பவர்களைப் பதவி வரிசைப்படி அழைக்க வேண்டும். பிறகு தொடக்கம். அதன் பிறகு மூன்று கருத்துகள், சிறியதிலிருந்து பெரியதற்கு. கேட்பவர் மனதைத் தொடுவதைக் கடைசிக்கு என்று பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் முடிவு, நன்றி. இதை நான் வேதம் மாதிரி நம்பினேன். சாயங்காலம் கிணற்றடியில் நின்று சத்தம் போட்டுப் பேசிப் பார்ப்பேன். கேட்பதற்கு நாலு ஆடுகளும் தம்பியும்.

அவனுக்கு ஆறு வயது. கேட்டுக் கேட்டு அவனுக்கே எல்லாம் பாடமாகிவிட்டது. பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டிக்கொண்டே "அவையோர்க்கு என் பணிவான வணக்கம்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவான். பல் விழுந்த வாய். 'பணிவான' என்பது 'பனுவான' என்று வரும்.

வட்டாரப் போட்டிக்கு அம்மா அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மரம் வளர்ப்பு பற்றிப் பேசினேன். பாதியில், வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு வாக்கியத்துக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தினேன். நிறுத்தினால் சபை நம்மையே பார்க்கும் என்பது கணக்கு. நான் மறந்துவிட்டேன் என்று தம்பி நினைத்துக்கொண்டான். அம்மா மடியிலிருந்து எழுந்து, "அக்கா, அடுத்து மரங்கொத்தி" என்று கத்தினான். கூடம் முழுக்கச் சிரித்தது. நடுவர்கூடச் சிரித்தார். எனக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது. மாவட்டப் போட்டிக்கு அதுவே போதும் என்றாலும் நான் அவனை மன்னிக்கவில்லை. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அவன் டயரை விட்டுவிட்டு என் பின்னாலேயே சுற்றினான்.

மாவட்டப் போட்டி தை மாதக் கடைசியில், புதுக்கோட்டையில். அன்று காலை அவன் தானாகவே எண்ணெய் வைத்துத் தலை சீவி, பொங்கல் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"அவன் வந்தா நான் வரலை" என்றேன்.

"சின்னப் பய ஆத்தா. கூட வரட்டும். நான் வாயைப் பொத்திக்கிறேன்" என்றாள் அம்மா.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க." நான் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அப்பா விடியும்போதே கடலைக் கொல்லைக்குப் போய்விட்டார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டில் அத்தையிடம், அப்பாவின் தங்கையிடம், விட்டுவிட்டு வந்தாள். அவன் அழுதது தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் விளிப்பை மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

எனக்கு முதல் பரிசு. எவர்சில்வர் டிபன் கேரியர், மூன்று அடுக்கு. பஸ்ஸில் வரும்போது அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதில் என் முகமும் அவள் முகமும் கோணலாகத் தெரிந்தன. எங்கள் நிறுத்தத்தில் இறங்கினோம். பத்துப் பதினைந்து ஆட்கள் நின்றார்கள். ஒரு பெரியம்மா வந்து அம்மாவின் கையிலிருந்து டிபன் கேரியரை மெல்ல வாங்கிக்கொண்டார். அப்போதே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த டிபன் கேரியரை நான் பிறகு பார்க்கவே இல்லை. யாரும் தேடவும் இல்லை.

மத்தியானம் அத்தை அடுப்பில் இருந்தபோது தம்பி ஆடுகளுக்குப் பின்னால் கல்லுக்குழிப் பக்கம் போயிருக்கிறான். டயர் குழியின் ஓரத்தில் கிடந்ததைப் பார்த்துத்தான் ஆட்கள் குதித்தார்களாம்.

அப்பா அத்தையோடு பேச்சை நிறுத்திவிட்டார். "ஒரு பயலப் பாத்துக்கிட முடியலையா" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதன் பிறகு எதிரும் புதிருமான இரண்டு வீட்டுக் கதவுகளில் ஒன்று திறந்தால் மற்றது சாத்திக்கொள்ளும். அத்தை வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் ஏன் அன்றைக்கு அத்தை வீட்டில் இருந்தான் என்பது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அம்மா சொல்லிவிடுவாள் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். சாப்பாடு போடும்போது சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அப்பாவோடு அவள் தனியாக இருக்கும்போதெல்லாம் பயந்தேன். அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பங்குனியில் முந்திரிப் பூ உதிர்ந்து பிஞ்சு விட்டிருந்த நேரம், ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு வந்தார். பக்கத்து ஊரில் மனு வாங்கும் முகாம். பெரிய அதிகாரி வருகிறார். ஊருக்கு நாலைந்து பேர் மேடையில் பேசலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம்.

"கல்லுக்குழி விசயத்த நீங்களே சொல்லிருங்க. பெத்தவுக சொன்னா ஒரு மதிப்பு இருக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"அவளுக்கு என்னத்தப் பேசத் தெரியும்? மூணாப்புப் படிச்சவ" என்றார் அப்பா.

"மாவட்டத்துல மொதப் பரிசு வாங்குன புள்ளைய வீட்டுல வச்சிக்கிட்டு இப்புடிச் சொல்றீகளே. பாப்பா எழுதிக் குடுக்கட்டும்." பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு. மேடையில அழுதுறாதீங்க. அழுதா பாவம்னு சொல்லித் தண்ணி குடுத்து அனுப்பிச்சு வச்சிருவாக. பாயிண்டு பாயிண்டாப் பேசணும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. இப்படித்தான் நடக்கும் என்று உண்மையிலேயே நம்பினார்.

அம்மா மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் பேசுறேன்" என்றாள். தம்பி போன பிறகு அவள் அவ்வளவு தெளிவாகப் பேசியது அன்றுதான்.

மறுநாள் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தேன். "என்னென்ன சொல்லணும்னு நெனைக்கிறியோ எல்லாத்தையும் சொல்லும்மா. நான் வரிசைப்படுத்துறேன்" என்றேன்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு நான் வீட்டுல இல்லை. அதுலருந்து ஆரம்பிக்கிறேன்."

என் பேனா நின்றுவிட்டது. ஏன் வீட்டில் இல்லை? போட்டிக்குப் போயிருந்தாள். ஏன் பயலைக் கூட்டிக்கொண்டு போகவில்லை? அந்த முதல் வாக்கியத்தைச் சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் நான் வந்து நிற்பேன். பந்தல், மைக், தமிழ் வாத்தியார், அப்பா, அத்தை, நீங்கள், எல்லாம் என் கண் முன்னால் தெரிந்தது.

"அதை மொதல்ல சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

"ஏன்?"

"மொதல்லயே அதைச் சொன்னா கேக்குறவுகளுக்கு மனசு கலங்கிரும். அப்புறம் சொல்ற விசயம் காதுல ஏறாது. அதைக் கடைசியிலதான் வைக்கணும்." நோட்டை எடுத்துக் காட்டினேன். வாத்தியார் சொன்னது, கோடு போட்டு அடியில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு அந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க முடியும். படித்துவிட்டு, "சரி, ஒனக்குத்தான் தெரியும்" என்றாள்.

விளிப்பில் ஏழு பேரைப் போட்டேன். தொடக்கத்தில் ஊரின் பெருமை. முதல் கருத்து, குழி பாதையை ஒட்டி இருப்பதால் மாட்டுவண்டிக்கும் ஆடுமாடுகளுக்கும் ஆபத்து. இரண்டாவது, பள்ளிப் பிள்ளைகள் தினமும் அந்த வழியில் நடக்கிறார்கள். மூன்றாவதாகத்தான் தம்பி. "என் அருமை மகனையும் அக்குழிக்கே பறிகொடுத்தேன்" என்று எழுதியிருந்தேன். ஒரு வாக்கியம். எங்கே போயிருந்தாள், யார் பார்த்துக்கொண்டார்கள், எதுவும் அதில் இல்லை. பிறகு கம்பிவேலி வேண்டும் என்ற கோரிக்கை. நன்றி, வணக்கம்.

அம்மா அதைப் பாடம் பண்ணிய விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தாளைப் பார்த்துப் படித்தால் நிற்கவில்லை. அதனால் அடுப்படியில் ஒவ்வொரு பகுதியையும் ஒரு சாமானோடு சேர்த்துக்கொண்டாள். அம்மி பக்கம் நின்றால் ஏழு பேருக்கும் வணக்கம். உரலுக்குப் போனால் ஆடுமாடு. தண்ணீர்த் தொட்டியருகே பள்ளிப் பிள்ளைகள். வாசல்நிலையில் சாய்ந்துகொண்டால் தம்பி. தினமும் சமைத்துக்கொண்டே அந்தச் சுற்றைச் சுற்றினாள். வாசல்நிலைக்கு வந்ததும் என் வாக்கியம் அவள் வாயில் வரவே வராது. தன் பாட்டுக்கு வேறு சொல்லுவாள். "பயலோட சட்டையைத் தொவைக்கலை. இன்னும் அந்தத் தண்ணி வாசம் அதுல இருக்கு." "கூட வாரேன்னு அழுதான்."

"அதெல்லாம் பேச்சுல வராதும்மா. எழுதுனதை மட்டும் சொல்லு."

அப்பாவின் கல்யாணக் கைக்கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்தேன். முதலில் பதினொரு நிமிடம் வந்தது. வெட்டினேன். எட்டு. இன்னும் வெட்டினேன். நான் வெட்டியதெல்லாம் அவள் சொந்தமாகச் சொன்னவை. என் வாக்கியங்கள் ஒன்றும் குறையவில்லை. கடைசியில் ஐந்தரை நிமிடத்தில் நின்றது. நேரம் போதாமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். அதுவும் நோட்டில் இருந்ததுதான்.

"நான் முன்னாடி உக்காந்து கடியாரத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன். நேரம் பத்தாதுன்னா கையைத் தூக்குவேன். எங்க நின்னாலும் விட்டுட்டு நேரா கடைசிக்குப் போயிரு."

"வாசநெலைக்கா?"

"ஆமா."

முகாம் அன்று நல்ல வெயில். பந்தல் துணியின் சிவப்பு எல்லோர் முகத்திலும் விழுந்தது. மைக் அடிக்கடி ஊளையிட்டது. தலைவர்களும் பிரமுகர்களும் வரவேற்றுப் பேசியே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டார்கள். அம்மாவின் முறை வந்தபோது மேடையில் பாதிப் பேர் எழுந்து போகும் முகத்தோடு இருந்தார்கள். எங்கள் ஊர் மனுவில் மொத்தம் பத்துக் கோரிக்கைகள், கல்லுக்குழி ஏழாவது. 'அங்கு ஒரு விபத்தும் நடந்துள்ளது' என்று முடித்திருந்தார்கள்.

அம்மா நீலச் சேலை கட்டியிருந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். 'மதிப்பிற்குரிய' என்ற சொல்லை ஏழு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். வணக்கம் முடியவே இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. முதலில் அதிகாரி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பெருமை வந்தபோது யாரோ அவர் முன்னால் ஒரு ஃபைலை நீட்டினார்கள். குனிந்தார். ஆடுமாட்டுக்கு வந்தபோதும் குனிந்தே இருந்தார். அம்மா பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்தாள். நாலரை நிமிடம். மேடை ஓரத்தில் நின்ற எழுத்தர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அம்மா பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். கை மடியில் இருந்தது. தூக்கினால் அவள் நேராகக் கடைசிக்குப் போய்விடுவாள். அங்கே என் வாக்கியத்தைச் சொல்ல மாட்டாள், தன்னுடையதைத்தான் சொல்லுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எனக்கு வலது பக்கம் அப்பா. பின்னால் எங்கோ அத்தை. நான் கடிகாரத்தைக் குனிந்து பார்த்தேன். முள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நேரமாச்சு. மீதியை மனுவுல பாத்துக்கிறோம். அடுத்தவங்க வாங்க" என்றார் எழுத்தர்.

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "நன்றி வணக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். கைதட்டினார்கள். அதிகாரி மனுவில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வரும் வழியில் அப்பா சொன்னார். "நல்லாத்தான் எழுதியிருந்தே ஆத்தா. நேரந்தான் பத்தலை." பள்ளியில் தமிழ் வாத்தியாரும் அதையேதான் சொன்னார், அமைப்பு நன்றாக இருந்தது என்று. அம்மா என்னை எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தாள்களை மடித்து அரிசிப் பானைக்குக் கீழே வைத்தாள்.

சித்திரை பிறந்தது. முந்திரிப் பழம் பழுத்து விழுந்து, காடு முழுக்க அந்தப் புளித்த இனிப்பு வாடை. பிள்ளைகள் பழம் பொறுக்கப் போவார்கள். பழத்தின் சாறு கையில் பிசுபிசுக்கும், உதட்டில் அரிக்கும். தண்ணீர் இருக்கிற இடம் தேடி ஓடுவார்கள். கீழத்தெருவில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். இரட்டை ஜடை, எந்நேரமும் மூக்கு ஒழுகும். ஒரு நாள் மத்தியானம் கூட வந்த பிள்ளைகள் திரும்பி வந்து, அவள் கை கழுவப் போனாள், காணோம் என்றார்கள்.

செய்தி வந்தபோது அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கரைத்த கையோடு எழுந்து போனாள். நானும் பின்னால் போனேன். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். அவர் அழவில்லை; பிள்ளையின் ஜடையில் இருந்த முந்திரி இலைத் தூசியை எடுத்துக்கொண்டே இருந்தார். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அந்தத் தூசியை எடுத்தாள். சாயங்காலம் வரைக்கும் இருவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை இரண்டு ஜீப்புகள் வந்தன. அதே அதிகாரி. குழியின் கரையில் ஊரே கூடியிருந்தது. தலைவர் கையைக் கட்டிக்கொண்டு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அதிகாரியின் எதிரில் போய் நின்றாள். அவள் கையில் தாள் இல்லை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கம்மா."

"தையில எம்பய இதுலதான் செத்தான். ஆறு வயசு. அன்னைக்கு நான் வீட்டுல இல்லை. டவுனுக்குப் போயிருந்தேன். கூட வாரேன்னு அழுதான். நாந்தான் வேணாம்னு சொல்லி விட்டுட்டுப் போனேன். நாத்தனாகிட்ட விட்டுட்டுப் போனேன். அது மேல ஒரு குத்தமும் இல்லை. அது ஒலையைப் பாக்குமா, பயலைப் பாக்குமா? சாயங்காலம் வந்தேன். என்னையத் தூக்கிப் பாக்க விடலை. சட்டையைத்தான் குடுத்தாக. இன்னும் தொவைக்கலை."

யாரும் மணி பார்க்கவில்லை. அவள் குரலும் உயரவில்லை. குழம்புக்குப் பக்குவம் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டு போனாள்.

"போன மாசம் ஒங்க முன்னாடி மேடையேறி இதைச் சொல்லத்தான் வந்தேன். வணக்கம் சொன்னேன், ஊரு பெருமை சொன்னேன், ஆடு மாடெல்லாம் சொன்னேன். இதைச் சொல்லத் தெரியாமப் போயிட்டேன். அன்னைக்கு நான் சொல்லியிருந்தா நீங்க கம்பி போட்டிருப்பீக. இந்தப் புள்ளை இருந்திருக்கும். அதுக்கும் நாந்தான் பொறுப்பு. இனி ஒண்ணு போறதுக்குள்ள போட்டுருங்க."

அதிகாரி குழியைப் பார்த்தார். பிறகு கூட வந்தவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பத்து நாளுக்குள் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டிவிட்டார்கள்.

அப்பா அங்கேயே, கரையிலேயே, அத்தை நின்ற பக்கம் போனார். "வீட்டுக்கு வா" என்றார். அவ்வளவுதான்.

அம்மாவும் நானும் கொல்லை வழியாகத் திரும்பினோம். வெயில் ஏறியிருந்தது. அவள் முன்னால் நடந்தாள். பாதி வழியில் நான் நின்றுவிட்டேன்.

"அவனை வேணாம்னு சொன்னது நாந்தானேம்மா. ஏன் அதைச் சொல்லலை?"

"அது எதுக்கு அவுகளுக்கு?"

"பேச்சு எழுதும்போதும் என்னையச் சொல்ல மாட்டேன்னுதான் இருந்தியா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேன் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். அவள் முகம் தம்பி செத்த அன்று இருந்ததைவிட மோசமாகிவிட்டது. "நான் எப்புடித்தா சொல்லுவேன் ஒன்னைய?" என்றாள்.

முகாமில் நான் வேண்டுமென்றேதான் கையைத் தூக்கவில்லை என்று சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "இதை யாருகிட்டயும் சொல்லாத. அந்தப் புள்ளையோட ஆத்தாகிட்ட மட்டும் சொல்லவே சொல்லாத. அவ தாங்க மாட்டா" என்றாள்.

அம்மா சொன்ன பேச்சுக்கு நான் கட்டுப்பட்டேன். அம்மா போய்ச் சேர்ந்து இப்போது வருஷங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகுதான் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது, அம்மா காப்பாற்ற நினைத்தது அந்தச் சின்னம்மாவையா, என்னையா என்று. வேலையில் இருந்த காலம் முழுக்க எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தேன். எதை முதலில் வைப்பது, எதை விடுவது என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சின்னம்மாவிடம் சொல்ல வேண்டியதையும் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு தாளுக்கு மேல் வராது. விளிப்பு ஒரே சொல். சுற்றி வளைக்க ஒன்றும் கிடையாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். தனியாக இருக்கிறார். கூரை இருந்த இடத்தில் இப்போது சிமெண்டு வீடு. பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். டீ போட்டுக் கொடுத்தார். என் அம்மாவைப் பற்றியே பேசினார். "அன்னைக்கு ஒங்க ஆத்தா பக்கத்துல வந்து உக்காரலைன்னா நான் அந்தக் குழியிலயே போயிருப்பேன்" என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். நாற்காலியை அவருக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதல் வாக்கியத்தைச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன்.

அவர் தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

"காது முந்தி மாதிரி கேக்கலைத்தா. சத்தமாச் சொல்லு."

என் குரல் மைக் இல்லாமலே ஒரு மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்லை சின்னம்மா" என்றேன். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."